நேற்றைய தீர்ப்பும் இன்றைய சட்டமும்

தவறு நம்முடையது, முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். அரையாண்டுத் தேர்வில் வரலாற்றுத் தாளுக்கு விடைக்குறிப்பு எழுதியவர் நாம். அதில் ஒரு கேள்விக்கு நாம் எழுதிய விடை பிழை. ஒரு பிரிவின் நாற்பது தாளையும் திருத்தி, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, தாளை மாணவர் கையில் கொடுத்த பிறகே அது தெரியவந்தது. நாமாகக் கண்டுபிடித்தோம் என்று பெருமை பேச வழியில்லை. கடைசி வரிசையில் அமரும் ஒருவன், பாடநூலை விரித்துப் பிடித்தபடி வந்து, விரல் வைத்துக் காட்டினான்.

அடுத்த பிரிவின் தாள்கள் இன்னும் திருத்தப்படவில்லை. அவற்றுக்குப் புதிய விடைக்குறிப்பு. அதில் சிக்கல் இல்லை. திருத்தி முடித்த நாற்பதுக்கு என்ன செய்வது? "முடிந்தது முடிந்ததுதான் சார், பதிவேட்டில் ஏறிவிட்டதே!" என்றார் உடன் பணியாற்றும் நண்பர். வகுப்போ வேறு தீர்ப்பு வழங்கிற்று. ஒரே குரலில் வழங்கிற்று. தாள்களைத் திரும்ப வாங்கினோம். இரண்டு மாலைப்பொழுது போயிற்று. ஆறு பேருக்கு மதிப்பெண் கூடிற்று. அவர்களுள் ஒருவன், தோற்றவன் என்று எழுதப்பட்டிருந்தவன், தேறினான். அந்த இரண்டு நாளில் அவன் வீட்டில் பட்ட அடியை எந்தப் பதிவேட்டில் திருத்துவது என்பது நமக்கு இன்னும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் இது நாற்பது தாள். நாட்டிலே? அங்கும் ஒரு பதிவேடு உண்டு. அதிலே மதிப்பெண் இல்லை, ஆண்டுகள் உண்டு. சில பக்கங்களில் கயிறும் உண்டு. இன்ன குற்றத்துக்கு இத்தனை ஆண்டு என்று எழுதிய சட்டமன்றமே, பின்னொரு நாள், "அது மிகை, இத்தனை போதும்" என்று திருத்தி எழுதுகிறது. திருத்தத்துக்குப் பின் குற்றம் செய்பவனுக்குக் குறைந்த தண்டனை. திருத்தத்துக்கு முன் தீர்ப்புப் பெற்று, மேல்முறையீட்டு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நிற்பவனுக்கு? "உன் தாள் முன்பே திருத்தப்பட்டுவிட்டது" என்று அவனிடம் சொல்லலாமா? அது அறமாகுமா? சட்டக் கல்லூரிக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே. மனிதன் எழுதிய சட்டத்தில் மனிதனே பிழை கண்டால், அதன்பின் அவன் கடமை என்ன என்பதுதான் கேள்வி. பகுத்தறிவாளர் விடை கூறியே ஆகவேண்டிய கேள்வி.

சட்டம் வானத்திலிருந்து இறங்கியது என்பவர்க்கு இந்தத் தொல்லை கிடையாது. பார்ப்பனன் கொலைத் தண்டனைக்குரிய குற்றம் செய்தால் தலையை மழித்தால் போதும், மற்றவன் செய்தால் தலையையே எடு என்று எழுதி வைத்த மனு, அதைத் திருத்தவும் ஒரு பிரிவு எழுதி வைக்கவில்லை. திருத்தமே இல்லாத இடத்தில், திருத்தத்தின் பயன் யாருக்கு என்ற வழக்கு எங்கிருந்து பிறக்கும்? நமக்குத்தான் அந்த வழக்கு. மாறும் சட்டத்தை விரும்பிக் கேட்டு வாங்கியவர்கள் நாம். மாற்றத்தின் கணக்கையும் நாம்தான் பார்க்கவேண்டும்.

மாற்றம் எத்தகையது என்பதற்கு ஒன்று பாருங்கள். வெள்ளையர் 1898இல் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கொலைக் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதிக்காத நீதிபதி, ஏன் விதிக்கவில்லை என்பதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். உயிரைப் பறிக்கக் காரணம் வேண்டாம், உயிரை விட்டுவைக்கத்தான் காரணம் வேண்டும் என்பது அந்தக் காலத்து நியாயம்! 1955ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கிற்று. 1974 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் தராசையே திருப்பிப் பிடித்தது. தூக்கு விதிப்பவர்தான் இனிச் சிறப்புக் காரணம் எழுதவேண்டும். தண்டனை பற்றிக் குற்றவாளி சொல்வதையும் தனியே கேட்கவேண்டும்.

அந்த ஏப்ரல் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, பிப்ரவரியில், ஆந்திரத்துப் பெண் ஒருத்தியின் தூக்குத் தண்டனை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. தீர்ப்பு எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டிலே பிறந்து, 1952இல் பழைய சென்னை மாநிலச் சட்டமன்றத்திலே அமர்ந்தவர். புதிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. ஆயுள் தண்டனை பொது விதி, தூக்கு விதிவிலக்கு என்ற திசையில் நாட்டின் மனம் திரும்பிவிட்டதைக் கண்டார்; அந்தப் பெண்ணின் கழுத்துக் கயிற்றை அகற்றி ஆயுள் தண்டனையாக்கினார். சட்டத்தின் எழுத்து வந்து சேருமுன்பே அதன் அறம் வந்து சேர்ந்துவிட்டது என்போம்.

இதற்கும் பத்தாண்டு முன்னர், 1964இல், இன்னொரு வழக்கு. அன்றைய பஞ்சாபில் சேர்ந்திருந்த குர்கான் மாவட்டத்துப் பதினாறு வயதுப் பையன் ஒருவன். குற்றம் சிறிதன்று: ஒரு வீட்டினுள் புகுந்து ஏழு வயதுச் சிறுமியிடம் தகாத முறையில் நடக்க முயன்றான். ஆறு மாதக் கடுங்காவல். இருபத்தொரு வயதுக்குட்பட்டவரை, தக்க காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்னும் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அந்த மாவட்டத்துக்கு எட்டியது 1962 செப்டம்பர் 1இல். பையனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதோ அதே ஆண்டு மே மாதம்! மேல்முறையீடு நடக்கும்போது சட்டம் வந்துவிட்டது. கீழே தீர்ப்பு எழுதப்பட்டபோது வரவில்லை. பயன் உண்டா, இல்லையா? உண்டு என்றது உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை. நீதிபதி சுப்பாராவ் தெளிவுபடுத்தினார்: செய்த காலத்தில் குற்றமல்லாததைப் பின்னர் குற்றமாக்குவதும், செய்த காலத்தில் இருந்ததைவிடக் கூடுதலான தண்டனை தருவதும்தான் அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு தடுப்பது, தண்டனையின் கடுமையைத் தணிக்கும் சட்டம் பின்னோக்கிப் பாய்வதை அப்பிரிவு தடுக்கவில்லை என்று.

ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவா இது என்று கேட்பர். ஆம், ஒரு பக்கக் கதவுதான், அப்படித்தான் இருக்கவேண்டும். கூடுதல் தண்டனை பின்னோக்கிப் பாய்ந்தால், அது பதுங்கியிருந்து தாக்குவது. குறைந்த தண்டனை பின்னோக்கிச் சென்றால், அரசு தன் பிழையைத் தானே திருத்துவது. தாக்குவதும் திருத்துவதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கவை அல்ல.

இன்னொரு வாதம் இதைவிடக் கூரியது. "குற்றம் செய்தபோது அவனுக்குத் தண்டனை தெரியும். பத்தாண்டு என்று தெரிந்தே செய்தான். பத்தாண்டை அனுபவிக்கட்டும்!" இந்த வாதத்தைக் கேட்டு நாமே சில காலம் மயங்கியதுண்டு. மாணவருக்கு இந்திய விடுதலைப் போராட்டத்தின் சிறைக் கதைகளை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அதன் பொத்தல் புலப்பட்டது. தண்டனையை ஒரு விலையைப் போல் இந்த வாதம் நினைக்கிறது: அன்றைய விலைக்கு வாங்கினான், அன்றைய விலையைக் கொடுக்கட்டும் என்று. சிறைத் தண்டனை அப்படி ஒரே நாளில் கொடுத்து முடிக்கும் பொருளன்று. தீர்ப்பு ஒரு நாளில் எழுதப்படுகிறது. தண்டனையோ ஒவ்வொரு விடியலிலும் புதிதாகச் செய்யப்படுகிறது. நாளைக் காலை அந்த அறைக்கதவு பூட்டப்பட வேண்டுமென்றால், நாளைய அரசு, நாளைய காவலர் கையால், நாளைய வரிப்பணத்தில் பூட்டவேண்டும். பத்தாண்டு மிகை, ஓராண்டு போதும் என்று சட்டமன்றம் இன்று கைதூக்கி ஒப்பிய பின்னர், இரண்டாம் ஆண்டின் முதல் நாள் அந்தக் கதவைப் பூட்டுவது யார்? நேற்றைய சட்டமன்றம் வந்து பூட்டாது. இன்றைய நாம் பூட்டுகிறோம், மிகை என்று நம் வாயாலேயே சொல்லிக்கொண்டு!

கற்பனையன்று இது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி, ஹெராயின் போன்றவற்றைத் தம் சொந்தப் பயனுக்கென்று மெய்ப்பிக்க இயலாதவருக்கு, வைத்திருந்தது சில கிராமோ, பல கிலோவோ, குறைந்தது பத்தாண்டுச் சிறை. பொட்டலம் சுமக்கும் கூலிக்கும் மூட்டை அனுப்பும் முதலாளிக்கும் ஒரே அளவுகோல். தவறென்று உணர்ந்தனர். 2001 அக்டோபர் 2 முதல் அளவுக்கேற்ற தண்டனை வந்தது. ஹெராயின் 5 கிராம் வரை சிறிய அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு என்று பிரித்தனர். சிறிய அளவுக்கு அன்று ஆறு மாதம்வரைதான் சிறை. நல்ல திருத்தம். நடந்துகொண்டிருந்த விசாரணைகளுக்கும் அதன் பயன் உண்டு என்றனர். அதுவும் நன்று. ஆனால், அதே மூச்சில், மேல்முறையீட்டில் இருக்கும் வழக்குகளுக்கு இல்லை என்று ஒரு வரியையும் சேர்த்தனர்!

எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் பிடிபட்ட இருவர். ஒரே அளவு பொட்டலம். ஒருவனுடைய விசாரணை மன்றம் விரைந்து பணியாற்றி 2001 செப்டம்பரில் தீர்ப்பு எழுதிவிட்டது; அவனுக்குப் பத்தாண்டு. மற்றவனுடைய வழக்கில் சாட்சி வரவில்லை, வாய்தா மேல் வாய்தா, நவம்பரில் தீர்ப்பு, அவனுக்கு ஆறு மாதம். நீதிமன்றத்தின் சுறுசுறுப்பு ஒருவனுக்குத் தண்டனையாகவும், அதன் சோம்பல் மற்றவனுக்கு வரமாகவும் அமைந்துவிட்டது! இந்த வரி சமத்துவத்துக்கு முரண் என்று வழக்காடினர். 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த வரி செல்லும் என்றது. முடிந்த விசாரணைகளைக் கிளறினால் தாமதம் பெருகும், அதைத் தவிர்ப்பதுதான் சட்டத்தின் நோக்கம் என்பது அதன் பொருள். நீதிபதிகளின் கவலை நமக்குப் புரிகிறது. நாற்பது தாளைத் திரும்பத் திருத்தியவர்க்கு அது புரியாமலா போகும்? ஆனால் நமக்குப் போனது இரண்டு மாலைப்பொழுது. அங்கே, சிறிய அளவுடன் பிடிபட்டவனுக்கு, எதிர்த்தட்டில் இருப்பது ஒன்பதரை ஆண்டு.

அமெரிக்காவிலும் இதே கதை, நிறம் வேறு. கொக்கெயினைத் தூளாக விற்றால் ஒரு தண்டனை, கட்டியாக விற்றால் அதே தண்டனைக்கு நூற்றில் ஒரு பங்கு எடை போதும் என்றிருந்தது. கட்டிக்காகச் சிறை சென்றவருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2010இல் அந்த வேறுபாட்டைப் பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்தனர். முன்னரே தண்டிக்கப்பட்டவர்க்கு அந்தப் பயன் கிட்ட 2018 டிசம்பரில் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. எட்டாண்டு, தவறென்று ஒப்புக்கொண்ட பிறகும் பூட்டிய கதவு! குற்றம் செய்த பின் தண்டனை குறைக்கப்பட்டால் குற்றவாளிக்கு அதன் பயன் கிட்டவேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் அனைத்துலகக் குடியுரிமை உடன்படிக்கை 15ஆம் பிரிவிலே கூறுகிறது. இந்தியா 1979இல் அதில் இணைந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அரியலூரில் இரயிலேறி, செந்துறை கடந்து, வெள்ளாறு தாண்டினால் பெண்ணாடம், அப்பால் விருத்தாசலம். அதற்குக் கிழக்கே கம்மாபுரம். 2009 சூலையில், பள்ளி வண்டியில் வீடு திரும்பிய ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே கடத்தப்பட்டான். ஐந்து இலட்சம் கேட்டனர். சிறுவன் உயிரோடு திரும்பவில்லை. குற்றவாளிக்கு அப்போது வயது இருபத்து மூன்று. 2010இல் விசாரணை மன்றம் தூக்கு விதித்தது. உயர்நீதிமன்றம் அதே ஆண்டு உறுதி செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மறுஆய்வு மனு அதே ஆண்டு தள்ளப்பட்டது. மறுஆய்வு என்றால் அன்று, நீதிபதிகள் தம் அறையிலே தாளைப் புரட்டிப் பார்ப்பது, வாதம் கேட்பதில்லை.

2014 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த முறையை மாற்றிற்று. தூக்குத் தண்டனை வழக்கில் மறுஆய்வைத் திறந்த மன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்யவேண்டும். மிகுந்தால் அரைமணி நேரம் ஆகும், ஓர் உயிருக்கு அதைத் தரலாம் என்றது. முன்னரே மறுஆய்வு தள்ளப்பட்டு, தண்டனை நிறைவேறாமல் இருப்பவரும் மீண்டும் வரலாம் என்று கதவைப் பின்னோக்கியும் திறந்து வைத்தது. அந்தக் கதவின் வழியாகத்தான் கம்மாபுரம் வழக்கு மறுபடி உள்ளே வந்தது.

வந்தபோது வெளிப்பட்டது என்ன? 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தூக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக இது எழுதப்பட்டிருந்தது: பெற்றோருக்கு மூன்று பெண்கள், ஒரே ஆண் மகன், குலத்தைத் தழைக்கச் செய்யவிருந்தவன், முதுமையில் தாங்கவிருந்தவன் பறிக்கப்பட்டான் என்று! மடிந்தது பெண் குழந்தையாயின் குற்றத்தின் எடை குறைந்திருக்குமா? அந்த வீட்டிலே தம்பியை இழந்து அழுதுகொண்டிருந்த மூன்று பெண்கள், குலக்கணக்கில் எந்தப் பத்தியிலே வருவார்கள்? வைதிகர் வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பழகிய பேச்சு, நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலே, ஒரு மனிதனைத் தூக்கிலிடும் காரணமாக அமர்ந்திருந்தது. பத்தாண்டு அங்கேயே அமர்ந்திருந்தது.

2023 மார்ச் 21இல் மூன்று நீதிபதிகளின் அமர்வு அதைத் துடைத்தது. கொலையுண்ட குழந்தை ஆணா பெண்ணா என்பது தண்டனையைக் கூட்டும் காரணம் ஆகாது. ஆணாதிக்கக் கருத்தை மன்றம் வளர்க்கலாகாது என்றது. குற்றவாளி திருந்த வாய்ப்புண்டா என்பதைக் கீழ் மன்றங்கள் உரியபடி ஆராயவே இல்லை என்றும் கண்டது. சிறையிலே அவன் சமையற்கலையில் பட்டயம் பெற்றதைக் கணக்கில் எடுத்தது. ஒருமுறை தப்ப முயன்றதையும் மறைக்காமல் எழுதிற்று. குற்றம் உறுதி என்ற முடிவில் மாற்றமில்லை. தூக்கு மட்டும், இருபதாண்டுக்குக் குறையாத, தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் சிறையாயிற்று.

அந்தத் தாயின் முகத்தை எண்ணினால் நம் பேனா தடுமாறுகிறது. "என் பிள்ளைக்கு எந்தச் சட்டம் திருத்தம் கொண்டுவந்தது?" என்று அவர் கேட்டால், மேடையில் பேசும் நம் வாய் அவர் வாசலில் அடைத்துப் போகும். நம்மிடம் விடை இல்லை என்பதை எழுதி வைப்பதே நேர்மை. ஒன்று மட்டும் கூறத் துணிவோம். குற்றத்துக்கு ஆளானோருக்கு அரசே இழப்பீடு தரும் திட்டம் சட்டத்தில் ஏறியது 2009 டிசம்பர் 31இல். அதற்கு முந்திய நாள்வரை பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு மட்டும் கண்ணீர் குறைவா? அந்தச் சட்டமும் பின்னோக்கி எட்டவேண்டும் என்று கேட்பதற்குத் தயங்குபவன், கைதிக்காகக் கேட்கும் உரிமையை இழக்கிறான்.

சிலப்பதிகாரத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். கண்ணகி பாண்டியன் அவையில் தொடுத்தது, ஒரு வகையில், மேல்முறையீடே. சான்று காட்டினாள், சிலம்பை உடைத்தாள், முத்தன்று, மாணிக்கம் என்று மெய்ப்பித்தாள். மன்னன் பிழையை ஒப்பினான். ஒப்பிய கணமே உயிரும் விட்டான். அத்தகைய நேர்மை எந்த நாட்டு மன்றத்திலும் அரிது. ஆயினும் கோவலனுக்கு அதனால் ஆனது என்ன? 2014இல் திறந்த கதவும் தண்டனை நிறைவேறாதவர்க்கே திறந்தது. வேறு எவர்க்குத் திறக்க முடியும்? கம்மாபுரம் வழக்கில் கயிறு 2013இல் முந்திக்கொண்டிருந்தால், 2023ஆம் ஆண்டின் திருத்தத்தை எந்தச் சிறை முகவரிக்கு அனுப்பியிருப்பார்கள்?

2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பெயரிலே வடமொழி மணக்கிறது. அது வேறு சண்டை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன், பொருளைத் திருப்பித் தந்துவிட்டால், அவனுக்குச் சமூகப் பணியே தண்டனை என்கிறது புதிய சட்டம். பழைய சட்டத்திலோ மூன்றாண்டுவரை சிறைக்கு வழி உண்டு. சூன் 30 இரவு பதினொரு மணிக்குச் சோளக்கொல்லையில் மின்கம்பி திருடியவனுக்கு ஒரு நீதி, நள்ளிரவு கடந்து திருடியவனுக்கு வேறு நீதியா? பழைய குற்றத்துக்குப் பழைய தண்டனையே என்று காப்புப் பிரிவு கூறுகிறது. ஆனால் 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைக் காட்டி வழக்காட வக்கீல்தான் வேண்டும்.

வக்கீல் எங்கே கிடைப்பார்? 1995 வரை திருச்சி மாவட்டமாக இருந்த நம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் தண்டனை பெறுவோர் பெரும்பாலும் திருச்சி மத்திய சிறையிலே இருப்பர். திருச்சி வழக்குகள் செல்வது மதுரைக் கிளைக்கு. நம் வழக்குகள் செல்வதோ சென்னை உயர்நீதிமன்றத்துக்கு. மகனைப் பார்க்கத் தெற்கே ஒரு பேருந்து, மகன் வழக்கைப் பார்க்க வடக்கே ஒரு பேருந்து. கையிலே இருப்பது ஆங்கிலத் தீர்ப்பு நகல். வெங்காயம் நடவும் சுண்ணாம்புக்கல் சுமக்கவும் போகும் தாய், அதை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்.

காவலில் இருப்பவர் எவர்க்கும், வருமானம் எதுவாயினும், இலவச வக்கீல் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலே இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிறையிலிருந்தே, சிறை அதிகாரி வழியாக, மேல்முறையீடு அனுப்பலாம். படித்த தோழர் ஒருவர், ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மாலை ஒதுக்கி, அந்தத் தாளை வாங்கிப் படித்துச் சொல்லலாம். முதலில் பார்க்கவேண்டியவை மூன்று தேதிகள்: குற்றம் நடந்த நாள், தீர்ப்பு எழுதிய நாள், அந்தப் பிரிவு கடைசியாகத் திருத்தப்பட்ட நாள். மூன்றாவது தேதி தீர்ப்பு நகலில் இராது. அதைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.